ஒரே இணைப்பில் பல கோப்புகள்: வலை நெறிமுறையின் வரலாறு

ஒரு வலைப்பக்கம் என்பது ஒரு கோப்பு அன்று. எழுத்து, படங்கள், நிரல்கள் எனப் பல கோப்புகள் வழங்கியிலிருந்து உலாவிக்கு வந்து சேர்ந்தால்தான் பக்கம் முழுமையாகும். இவற்றை ஒரே இணைப்பின் வழியே ஒரே நேரத்தில் கொண்டுவரும் முறை மல்டிபிளெக்சிங் எனப்படும்.

தொடக்கத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி டி.சி.பி. இணைப்பு ஏற்படுத்தப்பட்டது. இணைப்பை உண்டாக்க ஒரு முறையும், கோப்பைக் கேட்டுப் பெற மறுமுறையும் செய்தி போய்த் திரும்ப வேண்டும். சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் இடையே ஒரு முறை போய்வர ஏறத்தாழ கால் நொடி ஆகும். 20 படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் காத்திருப்பே 10 நொடி. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது பெரும்பாலான வழங்கிகள் கடல் கடந்தே இருந்தன. இணைப்பின் வேகத்தைக் கூட்டலாம். தூரத்தைக் குறைக்க முடியாது.

இதற்குத் தீர்வு கூறிய முன்னோடிகளுள் ஒருவர் இந்தியர். டெல்லி ஐ.ஐ.டி.யில் பயின்று, பெர்க்லியில் ஆய்வு மாணவராக இருந்த வெங்கட பத்மநாபன், ஜெஃப்ரி மோகலுடன் சேர்ந்து 1994 இல் சிகாகோ வலை மாநாட்டில் ஒரு கட்டுரை அளித்தார். ஒரு கோப்பு வந்தவுடன் இணைப்பைத் துண்டிக்காமல் அடுத்ததற்கும் அதையே பயன்படுத்தலாம், பதிலுக்குக் காத்திராமல் கோரிக்கைகளைத் தொடர்ந்து அனுப்பலாம் என்பது அதன் சாரம். இவர் 2016 இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருது பெற்றார்.

1997 இல் வந்த எச்.டி.டி.பி. 1.1 இக்கருத்துகளை ஏற்றது. ஆயினும் பதில்கள் கேட்ட வரிசையிலேயே வர வேண்டும் என்ற விதி இருந்தது. இராஜபாளையம் வழியே செல்லும் விருதுநகர்–தென்காசி ஒற்றை இருப்புப்பாதையில் முன்னே சரக்கு வண்டி நின்றால் பின்னே வரும் விரைவு வண்டியும் நிற்பது போலத்தான் இதுவும். உலாவிகள் ஒரே வழங்கிக்கு ஆறு இணைப்புகள் வரை திறந்து ஒருவாறு சமாளித்தன.

2009 இல் கூகுளின் மைக் பெல்ஷி, ராபர்ட்டோ பியான் ஆகியோர் ஸ்பீடி நெறிமுறையை அறிமுகப்படுத்தினர். அதிலிருந்து பிறந்ததே 2015 மே மாதம் வெளியான எச்.டி.டி.பி. 2. இதில் ஒவ்வொரு கோப்பும் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, துண்டுக்குத் துண்டு ஓடை எண் இடப்படுகிறது. எண்ணைப் பார்த்து உலாவி சேர்த்துக்கொள்வதால் வரிசைக் கட்டாயம் நீங்கியது.

ஆனால் அடியில் இருந்தது பழைய டி.சி.பி. தான். ஒரு பொட்டலம் தொலைந்தால், அது மீண்டும் வரும்வரை எல்லா ஓடைகளும் நிற்கும். சமிக்ஞை குறைந்த கைப்பேசியில் ஒரு இணைப்பைவிடப் பழைய ஆறு இணைப்புகளே மேல் என்ற நிலைகூட ஏற்பட்டது. குயிக் என்னும் புதிய நெறிமுறை இக்குறையைப் போக்கியது. ஜனார்தன் ஐயங்கார், மார்ட்டின் தாம்சன் ஆகியோர் தொகுத்த அதன் தரநிலை 2021 மே மாதமும், அதன்மேல் அமைந்த எச்.டி.டி.பி. 3 2022 ஜூன் மாதமும் வெளியாயின. இதில் தொலைந்த பொட்டலத்துக்கு உரிய கோப்பு மட்டுமே காத்திருக்கும்.