எதிர்மறைப் பிரதிப்பெயர்

‘ஆளே இல்லை’, ‘பொருளே இல்லை’ என்று பொருள்படும் பெயர்ச்சொல் எதிர்மறைப் பிரதிப்பெயர் எனப்படும். ரஷ்ய மொழியில் இதற்குத் தனி வாய்பாடே உண்டு. தமிழுக்கு இந்தத் தலைப்பு சற்றுப் பெரிய சட்டைதான். ‘யாரும்’ என்ற சொல்லில் மறுப்பு கிடையாது. ‘யாரும் வரலாம்’ என்றால் எல்லோருக்கும் அனுமதி; ‘யாரும் வரவில்லை’ என்னும்போதே ஆளில்லாமல் போகிறது. மறுப்பைச் சுமப்பது வினை.

இலங்கையின் தோட்டத் தமிழிலும் இதையே காணலாம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வழங்கும் தமிழ், 19ஆம் நூற்றாண்டு முதல் தமிழகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பேச்சிலிருந்து வளர்ந்தது. ‘பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) ஒருத்தரும் வரல’, ‘கையில ஒன்னும் இல்ல’ என்ற அதன் அமைப்பு பொதுத் தமிழின் அமைப்பே. வேற்றுமை உருபு முதலில் வரும். ‘உம்’ அதன் பின்னால் ஒட்டும்: யாரையும், யாராலும், யாருக்கும், யாருகிட்டயும். ஆறாம் வேற்றுமையில் மட்டும் ‘உம்’ இடம் மாறி, அடுத்த பெயருக்குத் தாவிவிடுகிறது: ‘செக்ரோல்ல (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) யாரு பேரும் இல்ல.’ இலக்கண நூல்கள் இந்தத் தாவலுக்கு இன்னும் கொஞ்சம் இடம் ஒதுக்கலாம்.

தோட்டங்களைச் சூழ்ந்த கிராமங்களில் பேசப்படும் சிங்களமும் உருபுக்குப் பின்னரே இடைச்சொல்லைச் சேர்க்கிறது: கவுருவத் (யாரும்), காவவத் (யாரையும்), காட்டவத் (யாருக்கும்). ஆனால் ‘காகேவத் நமக் நே’ (யாருடைய பெயரும் இல்லை) என்பதில் ‘வத்’ தாவுவதில்லை, பிரதிப்பெயரிலேயே நிற்கிறது. இரு மொழியும் புழங்குபவர்கள் இந்த வேறுபாட்டை யோசிக்காமலே கடைப்பிடிக்கிறார்கள்.

ரஷ்யத்தில் மறுப்புக்குறி ‘நி’ சொல்லின் தலையில் நிற்பதால், வால் உருபுக்கேற்ப மாறுகிறது: நிக்தோ (எழுவாய்), நிகவோ (இரண்டாம், ஆறாம் வேற்றுமைகள்), நிகமூ (நான்காம்), நிக்யேம் (கருவிப் பொருள்). முன்னிடைச்சொல் வந்தால் சொல் இரண்டாகப் பிளந்து அதற்கு வழி விடுகிறது: ‘நி ஸ் க்யேம்’, அதாவது ‘யாரோடும்’. வாக்கியத்தில் வினையும் ‘நெ’ என்ற மறுப்பை ஏற்க வேண்டும். ‘யார் வந்தார்?’ என்ற கேள்விக்கு ‘நிக்தோ’ என்ற ஒரு சொல்லே அங்கே விடையாகும். தமிழில் ‘யாரும்’ என்று நிறுத்த முடியாது, ‘இல்லை’யும் வேண்டும்.

ரஷ்யத்தில் ‘நே’ என்று அழுத்தத்தோடு தொடங்கும் இன்னொரு வரிசையும் உண்டு. அதற்கு எழுவாய் வடிவம் இல்லை. ‘ம்ன்யே நே ஸ் க்யேம் கவரீத்’ என்றால் ‘எனக்குப் பேச ஆளில்லை.’ அங்கும் ஆளில்லாதவர் நான்காம் வேற்றுமையில்தான் நிற்கிறார்.