தீட்டென்று ஒதுக்கிய கைகள்: நோயாளர் பணிவிடையின் வரலாறு

நோய் தீர்க்கும் கலையை நான்கு கூறாகப் பகுத்தார் திருவள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிலிருந்து பணிவிடை செய்பவரையும் ஒரு கூறாக வைத்தார். வகுப்பறைகளில் இந்த நான்காமவர் பெரும்பாலும் ஒரு சொல்லோடு கடந்துபோகிறார். வைத்தியருக்குப் பட்டமும் பரிசிலும் கொடுத்த நாடு, புண் கழுவியவருக்கும் மலசலம் எடுத்தவருக்கும் 'தீட்டு' என்னும் பெயரையே கொடுத்தது. அந்த நான்காமவரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். அதில் நம்மவர் பங்கு பெரிது.

பிள்ளைப்பேற்றையே எடுத்துக்கொள்வோம். வட இந்தியாவின் பல பகுதிகளில் தொப்புள்கொடியை அறுப்பது கடுந்தீட்டாகக் கருதப்பட்டது. ஆகவே அது தாழ்த்தப்பட்ட மகளிரின் வேலையாக ஒதுக்கப்பட்டது. தமிழகத்தில் பெரும்பாலும் முடிதிருத்துவோர் குலத்து மருத்துவச்சி அப்பணியைச் செய்தார். உயிரை முதன்முதல் ஏந்திய கைக்குக் கிடைத்த மதிப்பு இதுதான்.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் புதுவையில் 1823-ஆம் ஆண்டிலேயே மருத்துவப் பள்ளி தோன்றியது. 1827-இல் இங்கு வந்த குளூனி சபைக் கன்னியர் பள்ளிகளை நடத்தியதோடு பின்னாளில் நோயாளர் பணியையும் மேற்கொண்டனர். சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871-இல் தொடங்கிற்று; வேலூரில் 1909-இல் செவிலியர் பள்ளி ஏற்பட்டது. ஆயினும் பிறர் உடலைத் தொடும் வேலைக்குத் தம் பெண்களை அனுப்ப மேல்சாதிக் குடும்பங்கள் இசையவில்லை. கிறித்தவப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களுமே பெரும்பாலும் முன்வந்தனர். 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, ஏறத்தாழ 6,300 மக்களுக்கு ஒரு மருத்துவர் என்றும், 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் என்றும் கணக்கிட்டது. மருத்துவரைவிடச் செவிலியர் அரிதாக இருந்த இந்த விந்தைக்குத் தீட்டுணர்ச்சியும் ஒரு காரணம் என்பது நம் துணிபு.

இனி, செவிலியர் பணி என்றதும் எல்லாரும் கூறும் பெயருக்கு வருவோம். கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்கூட்டாரி மருத்துவமனையை அடைந்தார் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். கைவிளக்கேந்திய காரிகை என்று பாடநூல்கள் அவரைப் போற்றும், தகும். ஆனால் பாடநூல் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அவர் அங்குச் சென்ற பின்னும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் சாவு நூற்றுக்கு 42 என்னும் அளவுக்கு ஏறிற்று. மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு, கட்டடத்தின் அடியில் தேங்கிக் கிடந்த கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவு செய்வித்தது. அதன் பின்னரே சாவு சரிந்து, சில திங்களில் நூற்றுக்கு 2 என்ற அளவை எட்டியது. அன்பு மட்டும் போதவில்லை. சாக்கடையும் தூய்மையாக வேண்டியிருந்தது. அதில் இறங்கியவர்களின் பெயரை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை.

அதே போரில் தொண்டாற்ற விண்ணப்பித்த இன்னொரு பெண்மணி, ஜமைக்காவின் கறுப்பினத் தாய்க்குப் பிறந்த மேரி சீகோல். காலராவிலும் மஞ்சள் காய்ச்சலிலும் நோயாளரைக் காத்துப் பழகியவர். இலண்டனில் அவரை ஏற்கவில்லை. அவரோ தம் சொந்தச் செலவில் போர்க்களம் சென்று வீரர்களுக்குப் பணிவிடை புரிந்தார். இலண்டனில் அவருக்குச் சிலை எழுந்தது 2016-இல்தான்.

நம் நாட்டிலும் அத்தகையவர் ஒருவர் உண்டு. பெண்கல்விக்காகக் கல்லடி பட்ட ஆசிரியை என்றே சாவித்திரிபாய் பூலேயை நாம் அறிவோம். 1897-இல் புனே நகரைப் பிளேக் நோய் தாக்கியபோது, அவரும் மருத்துவரான அவருடைய வளர்ப்பு மகன் யஷ்வந்தும் ஊர்ப்புறத்தே நோயாளர்களுக்கு இடம் அமைத்துப் பேணினர். முண்ட்வா என்னும் ஊரின் மகார் குடியிருப்பில் நோயுற்றுக் கிடந்த சிறுவனை அந்த அம்மையார் தம் முதுகில் சுமந்து வந்தார். பிளேக் அவரையும் பற்றியது. அவ்வாண்டு மார்ச் 10-ஆம் நாள் மறைந்தார். தீண்டத்தகாதவன் என்று ஊர் விலக்கிய பிள்ளையை முதுகில் ஏற்றிய செயலுக்கு ஈடாக ஒரு சொற்பொழிவும் நமக்குத் தோன்றவில்லை.

பணிவிடையின் அடிப்படைகள் எளியவை. அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. முதலாவது, கை கழுவுதல். வியன்னா மருத்துவமனையில் மருத்துவர் பார்த்த பேறுகாலப் பிரிவில் தாய்மார் மிகுதியாக மாண்டனர்; மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் அத்தனை சாவு இல்லை. பிணம் அறுத்த கையோடு மருத்துவர் வருவதே காரணம் என்று கண்ட செம்மல்வைஸ், 1847-இல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு ஜூனில் 2 ஆயிற்று. பட்டம் பெற்ற கையைவிட மருத்துவச்சியின் கை தூய்மையாக இருந்த காலம் அது.

இரண்டாவது, நீர் புகட்டல். 1971-இல் வங்காள அகதிகளிடையே காலரா பரவிப் பங்காவ்ன் முகாமில் ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 ஆக இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது. வீட்டிலும் இதைச் செய்யலாம்: காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டர், தலை தட்டிய சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. உப்பு கூடலாகாது.

மூன்றாவதே நம் வீடுகளில் பெரிதும் தவறுவது: படுக்கைப் புண். முதுகுத்தண்டு முறிந்தவர்கள் அப்புண்ணாலேயே மாண்டுவந்த காலத்தில், 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன், இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும் முறையைக் கண்டிப்பாக நடத்தினார். வேறு மாயமில்லை.

கனகசெட்டிக்குளத்தார்க்குக் காலாப்பட்டிலும் கோரிமேட்டிலும் பெரிய மருத்துவமனைகள் உள்ளன. ஆனால் பக்கவாதத்தில் விழுந்தவர் சில நாள்களில் வீடு திரும்புவார். அதன்பின் அவரைத் திருப்புபவர் மனைவியோ மருமகளோதான். வளர்ந்த ஆண்பிள்ளைகள் வாசற்படியில் நின்று விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம். விரிப்பில் சுருக்கம் இருத்தலாகாது. இடுப்பின் பின்புறம், இடுப்பெலும்பு, குதிகால், முழங்கை, பின்தலை ஆகிய இடங்களை நாள்தோறும் பார்க்க வேண்டும். நம் கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூட்டையும் இறுக்கத்தையும் கையால் தொட்டே அறிய வேண்டும். அவ்விடத்தைத் தேய்க்கக் கூடாது. உணவு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். படுத்த நிலையில் புகட்டினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். கனத்த உடலைத் திருப்ப ஒருவர் இழுத்து வருந்த வேண்டுவதில்லை. விரிப்பொன்றை நான்காக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அடியில் போட்டு, இருபுறமும் ஒருவர் நின்று, அதன் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, ஒரே மூச்சில் தூக்கினால் நோயாளியின் தோல் உராயாமல் உடல் நகரும். முதுகின் பின்னே ஒரு தலையணை, முழங்கால்களுக்கு இடையே ஒன்று. அடுத்த முறை மறுபுறம்.