மால்பும் தளையும்

1855. சரவாக்கின் சிமுஞ்சோன் நிலக்கரிச் சுரங்கத்தை மையமாக வைத்து ஆல்ஃப்ரட் ரஸ்ஸல் வாலஸ் காட்டுக்குள் அலைந்துகொண்டிருந்த காலம். அவர் சுட்ட ஓராங் ஊத்தான் ஒன்று கீழே விழாமல் மரத்திலேயே செத்துக் கிடந்தது. வழவழப்பான நெட்டை மரம். ஐம்பது அறுபது அடி வரைக்கும் ஒரு கிளைகூட இல்லை. கூட வந்த இரண்டு டாயாக் இளைஞர்களிடம் மரத்தை வெட்டுங்கள் என்றார். வெட்டுவதைவிட ஏறுவதே தேவலை என்றார்கள் அவர்கள்.

பக்கத்து மூங்கில் புதரில் தடித்த மூங்கில் ஒன்றை வெட்டி, பிளந்து, ஒரு அடி நீளத்தில் முளைகள் சீவினார்கள். முதல் முளையை மரத்தில் அடித்து அதில் தொங்கிப் பார்த்தார்கள். தாங்கியது. உடனே இரண்டு டஜன் முளைகள் தயார். இந்த முளைகளை நம்பியா அவ்வளவு உயரம் ஏறப்போகிறார்கள், ஒன்று பிடுங்கிக்கொண்டால் ஆள் காலி ஆயிற்றே என்று வாலஸுக்குப் பயம். ஆனால் அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். நீளமான ஒல்லி மூங்கில் ஒன்றை மரத்தை ஒட்டி நட்டுவைத்து, ஒவ்வொரு முளையின் தலையையும் மரப்பட்டைக் கயிற்றால் அதனோடு கட்டினார்கள். தரையிலிருந்து மூன்றடியில் முதல் முளை. அடுத்தடுத்த முளைகளை அடிப்பவன் கீழே இருக்கும் முளையில் ஒற்றைக் காலில் நிற்கிறான், ஒரு பக்கம் மூங்கிலைப் பிடித்துக்கொள்கிறான். மூங்கில் மெலிந்துபோகும் இடத்தில் அடுத்த மூங்கிலை ஒட்டுப்போடுகிறான். மூன்று மூங்கில் முடிவதற்குள் கிளை எட்டிவிட்டது. ஓராங் ஊத்தான் தலைகுப்புறக் கீழே வந்து விழுந்தது.

அதுவரை காட்டு மரங்களில் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்த மூங்கில் முளைகள் எதற்காக என்று வாலஸுக்குப் புரிந்ததில்லை. அன்றுதான் புரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1854 ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, அவர் நம்ம மலாக்காவில்தான் இருந்தார். காடிங்கிலும் ஆயர் பானாஸிலும் தங்கிப் பறவையும் பூச்சியும் சேகரித்தார், ஓஃபிர் மலை என்று அன்றைக்கு அழைக்கப்பட்ட குனோங் லேடாங்கில் ஏறினார். குருபோங்கிலிருந்து ஆயர் பானாஸுக்கு மோட்டார் சைக்கிளில் போய்விடலாம். எனக்கென்னவோ வாலஸ் பள்ளிப் பாடத்தில் வந்தபோதைவிட, ஆயர் பானாஸில் அவர் தங்கியிருந்தார் என்று தெரிந்த பிறகுதான் உண்மையான ஆளாகத் தெரிந்தார்.

இந்தப் பக்கங்களை நான் மறுபடி எடுத்துப் படித்ததற்குக் காரணம் என் சித்தப்பா. அவருக்குக் கொஞ்சம் செம்பனை நிலம் இருக்கிறது, லைசென்ஸ் துப்பாக்கியும் இருக்கிறது. இளங்கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்றுவிடுகிறது. எல்லையிலுள்ள டுரியான் மரத்தில் பரண் போட முடிவுசெய்து, ஏறுவதற்கு அமெரிக்கர்கள் மான் வேட்டைக்குப் பயன்படுத்தும் ஏறுகுச்சிகளை இணையத்தில் பார்த்திருக்கிறார். "டேய், நீ இஞ்சினியர்தானே? ஒத்தப்படி வாங்கவா, ரெட்டப்படி வாங்கவா? ரெட்டப்படி வெல கூட."

ஏறுகுச்சி பெரிய சமாச்சாரம் இல்லை. இரண்டு மூன்றடி நீள அலுமினியக் குழாய். பட்டை வாரால் மரத்தோடு இறுக்கிக் கட்டவேண்டும். மூன்றோ நாலோ குச்சிகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டே ஏறவேண்டும். ஒற்றைப் படி என்றால் குழாயில் இடது பக்கம் ஒன்று, அதற்கு மேலே வலது பக்கம் ஒன்று என்று மாறி மாறி வரும். இரட்டைப் படி என்றால் ஒரே மட்டத்தில் இரண்டு பக்கமும் படி. ஒற்றை எடை குறைவு, அடுக்கினால் தட்டையாக இருக்கும். இரட்டையில் இரண்டு காலையும் வைத்து நிற்கலாம், எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை. வேட்டைக்காரர்கள் இதைப் பற்றி எத்தனை வருடமாகச் சண்டை போட்டாலும் முடிவு வருவதில்லை.

கணக்கு எளிதுதான். 75 கிலோ ஆள், குழாயின் மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி ஒற்றைப் படியில் நின்றால் குழாயை முறுக்கும் விசை சுமார் 73 நியூட்டன் மீட்டர். வார் சரியாக இறுகவில்லையென்றால் குச்சி மரத்தைச் சுற்றித் திரும்பும். இரட்டைப் படியில் இரண்டு காலிலும் சமமாக நின்றால் இந்த முறுக்கு பூஜ்யம். ஆனால் யார் இரண்டு காலில் நின்றுகொண்டு ஏறுகிறார்கள்? ஏறும் ஒவ்வொரு நொடியும் எடை ஒரு காலில்தான். அப்போது இரட்டைப் படியும் ஒற்றைப் படிதான். இரட்டையின் பலன் நிற்கும்போது மட்டும்.

டாயாக் முளை இன்னும் கெட்டிக்காரத்தனம். அதுவும் ஒற்றைப் படிதான், ஆனால் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் படி அல்ல. ஒரு முனை மரத்துக்குள், மறு முனை மூங்கிலில் கட்டு, கால் நடுவில். ஒரு பக்கம் மட்டும் செருகிய முளையின் நடுவில் மிதித்தால் வளைவு முழுக்கச் செருகிய ஓட்டையில் விழும். இரண்டு முனையும் தாங்கலாக இருந்தால் வளைவு பாதியாகக் குறைவது மட்டுமல்ல, அது ஓட்டையைவிட்டு நடுவுக்குப் போய்விடும். முளை பிடுங்கிக்கொள்ளும் ஆபத்து அங்கேயே போயிற்று. ஒரு முளை சோடை போனாலும் மேலும் கீழும் உள்ள முளைகள் மூங்கில் வழியாகச் சுமையை வாங்கிக்கொள்ளும். இதை வாலஸே கவனித்து எழுதியிருக்கிறார். நான் இதைப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சூத்திரமாகப் படித்தேன்.

தீபகற்பத்திலும் இந்த முளையேணி உண்டு. தேன் மரமான துவாலாங் எண்பது மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. கெடாவின் பெடு ஏரிப் பகுதியில் தேனெடுப்பவர்கள் மலைத்தேனீயை ஹீத்தாம் மானிஸ் என்று கூப்பிட்டுப் பாட்டுப் பாடித்தான் ஏறுவார்கள். கறுப்பழகி என்று நாம் சொல்லலாம். அரண்மனைப் பணிப்பெண், இந்துப் பெண் என்கிறது கதை. இளவரசன் அவளை விரும்பிவிட்டான் என்பதற்காக இரும்பு ஈட்டியால் குத்தப்பட்டவள், தேனீயாகிப் பறந்தவள். ஆகவே தேனெடுக்கப் போகிறவர்கள் உலோகம் எடுத்துப்போவதில்லை. மர ஏணி, தோல் வாளி, எலும்புக் கத்தி. ஒரு ஏணியில் ஆணி இல்லாமல் போனதற்கு இப்படி ஒரு காரணம் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம்மிடம் இதற்கு ஒரு சொல் இருந்தது. மால்பு. புறநானூற்றில் பாரியின் மலையைப் பாடும் கபிலரிடம் வருகிறது, மலைபடுகடாமில் தேனெடுக்கும் இடத்தில் வருகிறது. குரங்குகூட ஏற முடியாமல் திகைக்கும் பாறையில் மனிதன் நட்டுவைத்து ஏறும் வழி. அகராதியில் பொருள் பார்த்தால் கண்ணேணி என்று இருக்கும். அதாவது கணுவையே படியாகக் கொண்ட ஒற்றை மூங்கில். மூங்கிலைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், ஒரு கணுவில் கிளை இடப்பக்கம் வந்தால் அடுத்த கணுவில் வலப்பக்கம் வரும். கிளைகளை அடியில் ஒரு சாண் விட்டுத் தறித்தால், கடையில் விற்கும் ஒற்றைப் படிக் குச்சியின் வடிவம் அப்படியே கிடைத்துவிடும். இடம், வலம், இடம், வலம். குறிஞ்சிக்காரன் ஒற்றைப் படியைத் தேர்ந்தெடுத்தான் என்றுகூடச் சொல்லமுடியாது. மூங்கில் அப்படி முளைத்தது.

இரட்டைப் படி நெய்தலிலும் தேரியிலும் இருந்தது, பனையில். பனையேறிகள் இரண்டு பாதங்களையும் தளை நார் என்ற வளையத்துக்குள் நுழைத்துக்கொள்வார்கள். கைகளால் மரத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு காலையும் ஒரே சமயத்தில் மேலே இழுத்து, ஒரே சமயத்தில் ஊன்றுவார்கள். குச்சியே இல்லாத இரட்டைப் படி. எடை இரண்டு காலிலும் சமம், பாதம் மரத்தை இரண்டு பக்கமும் கவ்வுகிறது, தேவைப்பட்டால் அப்படியே நின்று மூச்சு வாங்கலாம். அடிமரத்தில் மட்டும் முருக்குத்தடி என்ற கம்பைச் சாய்த்துவைத்து முதல் சில அடிகளை அதில் ஏறிக் கடப்பார்கள். ஒரு நாளில் பல மரங்கள், அதே மரத்தில் திரும்பவும் ஏறவேண்டும். இருபது இருபத்தைந்து மீட்டர் மரத்துக்கு முளையேணி கட்டிக்கொண்டிருந்தால் ஒரு மரம்கூட முடியாது. ஒரு தடவை ஏறித் தேனெடுத்துவிட்டு அடுத்த பருவம்வரை மறந்துவிடும் மரத்துக்கு மால்பு, தினம் ஏறும் மரத்துக்குத் தளை. என்ன வேலை என்பதுதான் படியைத் தீர்மானிக்கிறது.

என்ன வேலை என்பதோடு, யாருடைய வேலை என்பதும் சேர்ந்து வந்தது. கி.பி. 849-ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், வேணாட்டை ஆண்ட அய்யன் அடிகள் அந்தக் கிறிஸ்தவப் பள்ளிக்கு ஈழவர் குடிகளைக் கொடுக்கிறார். அவர்களிடம் வாங்கக்கூடாத வரிகளின் பட்டியலில் ஏணிக்காணம் இருக்கிறது. ஏணி வைத்திருப்பதற்கு வரி! கூடவே வரும் தலைக்காணத்தைத் தலைவரி என்று சிலரும், தளைக்கான வரி என்று சிலரும் வாசிக்கிறார்கள். இரண்டாவது வாசிப்பு சரியென்றால், காலில் மாட்டும் நார் வளையத்துக்கும் காசு கட்டியிருக்கிறார்கள். இந்த நான்கைந்து குடிகளுக்கு விலக்கு என்று செப்பேட்டில் எழுத வேண்டியிருந்தது என்றால், மற்ற எல்லோரும் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம்.

ஆயிரம் ஆண்டு கழித்து, 1849-இல், கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். அந்தச் சமூகத்தைத் தாழ்த்திப் பேசும் இடங்கள் அதில் இருந்தன. அடுத்த தலைமுறை படித்துக் கொதித்தது, எதிர்ப்பு வலுத்தது. அந்தக் கொதிப்பில் நியாயம் உண்டு. ஆனால் அதன் பக்கவிளைவாக ஒன்று நடந்தது. பனையேறியின் தொழில்நுட்பத்தைப் பேசுவதே அவரை இழிவுபடுத்துவதுபோல ஆகிவிட்டது. டாயாக் இளைஞனின் முளையேணியை வியப்பதற்கு ஒரு வாலஸ் கிடைத்தார். தளை நாருக்கு அப்படிக் கிடைத்தவர்கள் குறைவு.

மலாயாவுக்கு வந்தவர்கள் பால் வெட்டத்தான் வந்தார்கள். டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் வணிகத்துக்காகக் கித்தா நட்டார், பிறகு புக்கிட் அசஹான். கித்தாவுக்கு யாரும் ஏறவேண்டியதில்லை, குனிந்தால் போதும். ஆனால் தோட்டத்தில் கள்ளுக்கடை இருந்தது, கள்ளுக்குத் தென்னை இருந்தது, தென்னைக்கு ஏறுகிறவர் இருந்தார். கள்ளின் வரலாறு நமக்குத் தெரியும். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. 1947-இல் கெடா ஹார்வர்ட் தோட்டத்தில் தொண்டர் படை கள்ளை எதிர்த்து நின்றது. அவை நியாயமான போராட்டங்கள், கள் குடும்பங்களைத் தின்றது உண்மை. அந்த வரலாற்றில் குடித்தவர் இருக்கிறார், விற்ற முதலாளி இருக்கிறார், மூடச் சொன்ன தொண்டர் இருக்கிறார். ஏறியவர் இல்லை. நம் தோட்டக் கதைகளிலும் நான் படித்த வரைக்கும் அவர் தூரத்தில் இடுப்பில் அரிவாளோடு கடந்துபோகும் ஆள்தான். மழைநாளில் வழுக்கும் மரத்தில் எப்படி ஏறினார், விழுந்தால் யார் தூக்கிப்போனார்கள் என்று எழுதப்படவில்லை.

தென்னைக்கு அவர்கள் மூன்றாவது வழியை வைத்திருந்தார்கள். மரத்திலேயே படி வெட்டுவது. ஸ்ரீலங்காவில் தேங்காய் மட்டையை மரத்தில் கட்டிப் படியாக்குவார்கள், ஒரு மரத்தின் கொண்டையிலிருந்து அடுத்த மரத்துக்குக் கயிறு இழுத்து அதில் நடந்தே போய்விடுவார்கள். இங்கே மலாய் கம்பங்களில் பாராங்கால் கொத்திய படிதான் அதிகம். கட்டவேண்டாம், அவிழ்க்கவேண்டாம், திருட்டுப் போகாது. மரத்துக்குத்தான் கேடு. தென்னைக்குப் பட்டை வளர்ந்து காயம் மூடாது. வெட்டிய இடம் வெட்டியபடியே இருக்கும், தண்ணீர் தேங்கும், சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும். பிறகு மாவா, மத்தாக் என்று கலப்பின ரகங்கள் வந்தன, உயரமான மரத்துக்குக் குரங்கு இருந்தது, ஏறும் தேவையே குறைந்துபோயிற்று. கேரளாவில் செம்பேரி ஜோசப் செய்த ஏறுகருவியில் இரண்டு மிதிப்படிகள், இரண்டு கால், மாறி மாறி. 2011-இல் தென்னை வளர்ச்சி வாரியம் அதை வைத்து ஆண் பெண் இருபாலாருக்கும் பயிற்சி கொடுத்தது. தளையும் மால்பும் கலந்த கலப்பினம் என்று அதைச் சொல்வேன்.

சித்தப்பாவுக்கு என் பதில்: கீழே மூன்றும் ஒற்றைப் படி, உச்சியில் ஒன்று மட்டும் இரட்டை. பரணுக்கு மாறும் இடத்திலும் துப்பாக்கியைக் கயிற்றில் மேலே இழுக்கும்போதும் இரண்டு காலில் நிற்கவேண்டும், அதற்கு முன்னால் தேவையில்லை. எந்தப் படியானாலும் தரையை விடுவதற்கு முன்பே பாதுகாப்பு வாரைப் போட்டுவிடவேண்டும். அவர் கேட்டுவிட்டு, "ரப்பர் பூட்ஸ் போட்டா ரெட்டப்படியில ஒரு பக்கத்துக்குப் பாதி பாதம்தான் புடிக்குது, அதப் பாத்தியா?" என்றார். அது கணக்கில் வராத கேள்வி, ஆனால் சரியான கேள்வி.

குருபோங்கில் எங்கள் தாமானுக்குப் பின்னால், தொழிற்பேட்டை வேலிக்கு இந்தப் பக்கம், பழைய தென்னை இரண்டு நிற்கின்றன. கள் இறக்கிய மரங்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். டேப் எடுத்துக்கொண்டுபோய் அளந்தேன். கை எட்டிய வரையில் ஐந்து படிகள், இடம் வலமாக மாறி மாறி. இடைவெளி 38-லிருந்து 41 சென்டிமீட்டர். என் காலுக்குக் கொஞ்சம் நெருக்கம், ஏறியவர் என்னைவிடக் குட்டை. ஆழம் பாதி பாதம் நுழையும் அளவு. முதல் வெட்டு இரண்டு மரத்திலும் இடது பக்கம்.