அடுப்பும் மூடியும்

சென்ற வாரம் என் தங்கையின் பிள்ளை ஒரு சாமானைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தான். பார்வைக்குக் கணக்குப் புஸ்தகம் போல் தட்டையாக இருந்தது. கீலைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினான். எஃகுத் தகடுகள் எழுந்து நின்று ஒரு சின்னப் பெட்டியாகிவிட்டன. உள்ளே சுள்ளியைப் போட்டுப் பற்ற வைத்தால் அடுப்பு. வேலை முடிந்ததும் மடக்கிப் பைக்குள் செருகிக்கொள்ளலாம். சிநேகிதர்களோடு இமயமலைப் பக்கம் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறானாம்.

"மாமா, இதையே எடுத்துக்கொண்டு போகலாமா, இல்லை எண்ணெய் அடுப்பு ஒன்று வாங்கட்டுமா? நீங்கள்தான் சரித்திரமெல்லாம் படிக்கிறவர் ஆயிற்றே!" என்றான்.

அவன் கேலியாகத்தான் கேட்டான். ஆனால் கையோடு கொண்டுபோகும் அடுப்புக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் உயிர்கள் பிழைத்ததும் உண்டு, போனதும் உண்டு.

நார்வே தேசத்து நான்சன் என்ற வாலிபர் 1888-ஆம் வருஷம் ஐந்து தோழர்களுடன் கிரீன்லாந்தின் பனிப் பாலைவனத்தைக் கிழக்கேயிருந்து மேற்கே கடந்தார். அவர் கொண்டுபோனது ஸ்பிரிட்டில் எரியும் அடுப்பு. அந்த யாத்திரையில் அவர்களை வாட்டியது என்ன தெரியுமா? தாகம்! சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் உறைந்த தண்ணீர். குடிக்கத்தான் ஒரு மிடறு கிடையாது. தட்டையான குப்பிகளில் பனியை அடைத்துச் சட்டைக்குள் மார்போடு வைத்துக்கொண்டு, உடம்புச் சூட்டில் உருகிய சொற்பத் தண்ணீரைக் குடித்தார்கள்.

பனியையே அள்ளித் தின்றால் என்ன என்று கேட்கலாம். அது உடம்பின் சூட்டையல்லவா உறிஞ்சிவிடும்? ஒரு கிலோ பனிக்கட்டி வெறுமனே உருகுவதற்கு வேண்டிய சூடு, அதே ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகப் போதும். பனிப் பிரதேசத்தில் அடுப்பு என்பது சமையலறைச் சாமான் இல்லை, அதுதான் கிணறு.

நான்சன் பாடம் கற்றுக்கொண்டார். நடுவில் சமைக்கும் பாத்திரம், அதைச் சுற்றி வளையமாக இன்னொரு பாத்திரம், தலைக்குமேல் மற்றொன்று. நடுவில் கஞ்சி கொதிக்கும்போது வீணாகப் போகும் சூடு, மற்ற இரண்டிலும் பனியை உருக்கிவிடும். 'நான்சன் குக்கர்' என்று பிற்பாடு பெயர் பெற்றது அதுதான்.

அதற்கேற்ற நெருப்பும் சீக்கிரமே கிடைத்தது. 1892-ல் ஸ்வீடன் தேசத்தில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் பிரைமஸ் அடுப்பைச் செய்தார். நம் வீடுகளிலும் ஒரு தலைமுறை முழுவதும் இரைந்த அடுப்புத்தான். பித்தளைத் தொட்டியில் மண்ணெண்ணெய். கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்திக் குழாயைச் சுட வைப்பார்கள். பிறகு பம்ப் அடிப்பார்கள். எண்ணெய் ஆவியாகி, ஊசித் துவாரத்தின் வழியே சீறி வந்து நீலமாக எரியும். திரி இல்லை, புகை இல்லை. துவாரம் அடைத்துக்கொண்டால் குத்திவிட ஒரு பின் வேண்டும். அந்தப் பின்னைக் காணாமல் வீடே அமர்க்களப்பட்ட காலை நேரங்கள் பலருக்கு நினைவிருக்கும்.

1895 மார்ச்சில் நான்சனும் ஜோஹான்சனும் கப்பலை விட்டிறங்கி வடதுருவத்தை நோக்கி நடந்தபோது இந்த அடுப்பைத்தான் கொண்டுபோனார்கள். சுமார் 20 லிட்டர் மண்ணெண்ணெய் அவர்களுக்கு 120 நாள் வந்தது. தினம் இரண்டு வேளை சுடச்சுட ஆகாரம்; வேண்டிய மட்டும் தண்ணீர். துருவத்தை அவர்கள் எட்டவில்லை. ஆனால் உயிரோடு திரும்பினார்கள்.

இனி, தென்துருவம். 1911 டிசம்பர் 14-ஆம் தேதி நார்வேயின் அமுண்ட்சென் அங்கே கொடி நாட்டினார். 1912 ஜனவரி 17-ஆம் தேதி இங்கிலாந்தின் காப்டன் ஸ்காட் நான்கு தோழர்களோடு போய்ச் சேர்ந்தபோது அந்தக் கொடி அவர்களை வரவேற்றது. இருவரிடமும் இருந்தது பிரைமஸ் அடுப்பேதான். அடுப்பைத் தேர்ந்தெடுத்ததில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்ல. வித்தியாசம் எண்ணெய்த் தகரத்தின் மூடியில் இருந்தது.

அமுண்ட்சென் தம்முடைய தகரங்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து அடைத்திருந்தார். ஸ்காட்டின் தகரங்களுக்குத் திருகு மூடி. அதன் அடியில் தோல் வாஷர். கடுங்குளிரில் தோல் விறைத்துப்போயிற்று. இடுக்கு வழியே எண்ணெய் கசிந்தும் ஆவியாகியும் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வரும் வழியில், கிடங்குகளில் தகரத்தைத் திறந்தபோதெல்லாம் எதிர்பார்த்ததைவிட எண்ணெய் குறைவாகவே இருந்தது. யாரும் திருடவில்லை. ஒரு பைசா பெறாத தோல் துண்டு செய்த வேலை.

அவர்கள் மாண்டதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். அளவு மீறிய குளிர், ஆகாரக் குறைவு, காலில் புண், ஓயாத புயல் என்று எல்லாமே சேர்ந்துகொண்டன. ஆனால் எண்ணெய் குறைந்தால் தண்ணீர் குறையும். சூடான ஆகாரம் குறையும். நனைந்த காலுறை காயாது. மற்றத் துன்பங்கள் ஒவ்வொன்றும் இதனால் இரட்டித்தன.

வழியில் இருவர் இறந்தார்கள். மிஞ்சிய மூவர் மார்ச் 20-ஆம் தேதி கூடாரத்தில் அடைபட்டபோது, தலைக்கு இரண்டு கோப்பைத் தேநீர் போட மட்டுமே எரிபொருள் இருந்ததாக ஸ்காட் எழுதி வைத்திருக்கிறார். ஆகாரமும் எண்ணெயும் இருந்த பெரிய கிடங்கு 11 மைல் தூரத்தில் இருந்தது. 29-ஆம் தேதியோடு டைரி நின்றுவிட்டது.

நவம்பர் 12-ஆம் தேதி தேடிப் போனவர்கள் கூடாரத்தைக் கண்டார்கள். ஸ்காட்டின் பக்கத்தில் ஒரு விளக்கு இருந்தது. வெறும் தகர டப்பா. மான்தோல் பூட்ஸிலிருந்து உருவிய திரி. பிரைமஸைச் சுட வைப்பதற்காகக் கொண்டுபோன ஸ்பிரிட்டில் மிஞ்சியதை அதில் ஊற்றி எரித்திருக்கிறார்கள். உலகத்திலேயே உயர்ந்த அடுப்பு அருகில் இருக்க, கடைசி வெளிச்சத்தை ஒரு டப்பா கொடுத்திருக்கிறது. இதைப் படித்த இடத்தில் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு நான் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எவரெஸ்ட் உச்சியை மனிதன் மிதித்த 1953 மே 29-ஆம் தேதி விடியற்காலையிலும் இதே அடுப்பு வருகிறது. இரவில் ஹில்லாரியின் பூட்ஸ் கட்டையாக உறைந்துவிட்டது. அதை அடுப்பில் காட்டி இளக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. பிறகுதான் அவரும் டென்சிங்கும் கூடாரத்தை விட்டுக் கிளம்பினார்கள். அன்று எண்ணெய் தீர்ந்திருந்தால்?

இவ்வளவையும் சொல்லி முடித்தேன். "ஆகையால், அடுப்பு எப்படி மடங்குகிறது என்று பார்க்காதே, அப்பா. போகிற இடத்தில் அதற்குப் போட என்ன கிடைக்கும், கொண்டுபோவது கடைசி நாள் வரையில் மிஞ்சுமா என்று பார்" என்றேன்.

பையன் தன் பெட்டியை மறுபடி விரித்து, நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, இதில் வாஷரே கிடையாதே!" என்றான் சந்தோஷமாக.

"வாஸ்தவம். அங்கே சுள்ளி கிடைக்குமா? கிடைத்தாலும் அதைக் கொளுத்த விடுவார்களா?" என்று கேட்டேன்.

அதை விசாரிக்கத்தான் இப்போது போயிருக்கிறான்.