மட்டக்களப்புக் கோட்டையும் அருங்காட்சியகமும்

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவில் அமைந்துள்ள இக்கோட்டை, 1628இல் போர்த்துக்கேயரால் கட்டப்பட்டு, ஒல்லாந்தரால் மீளமைக்கப்பட்டு, பிற்காலத்தில் மாவட்ட நிருவாகத்தின் இருப்பிடமாக விளங்கிய சதுர வடிவக் கட்டடமாகும். பிரதேசத்தின் பழம்பொருட்களைக் காட்சிக்கு வைத்துள்ள சிறிய அருங்காட்சியகம் ஒன்றும் இதனுள் உண்டு. பீரங்கிகளை நிறுத்துவதற்காக மதிலிலிருந்து வெளியே நீட்டிக் கட்டப்பட்ட கொத்தளங்கள் நான்கு மூலைகளிலும் உள்ளன. இரு பக்கங்களை வாவியும் ஏனைய இரு பக்கங்களை அகழியும் காக்கின்றன.

கீழைக் கரைத் துறைகளினூடாகக் கண்டி இராச்சியம் வெளியுலகத்துடன் கொண்டிருந்த தொடர்பைத் துண்டிப்பதே போர்த்துக்கேயரின் நோக்கமாயிருந்தமையால், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரின் துணையை நாடினான். வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தரிடம் 1638 மே 18 அன்று கோட்டை வீழ்ந்தது. ஐந்து நாட்களின் பின்னர் மட்டக்களப்பில் கைச்சாத்தான உடன்படிக்கையே இக்கோட்டையின் வரலாற்றில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதியாகும். கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிறுத்துவது மன்னன் விரும்பினால் மட்டுமே என்னும் நிபந்தனை மன்னனிடமிருந்த பிரதியில் இருந்தது. ஒல்லாந்தரின் பிரதியில் அது இல்லை. விடுபட்ட அச்சிறு தொடரே இரு தரப்புக்குமிடையே நீடித்த பூசலுக்கு வித்திட்டது. சில காலம் மன்னன் வசமிருந்த கோட்டையை ஒல்லாந்தர் மீண்டும் கைப்பற்றிப் புதுக்கிக் கட்டினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று.

அதன்பின் போர்த் தேவை அற்றுப்போயினும், கச்சேரி எனப்படும் அரச அலுவலகம் இங்கு இயங்கியமையாலேயே கட்டடம் கைவிடப்பட்டுச் சிதையாமல் தப்பியது எனலாம். பழைய கட்டடம் புதிய பயன்பாட்டால் உயிர் பெற்றமைக்கு ஸ்பெயினின் குவெங்கா நகரும் நல்ல சான்றாகும். அங்கு பாறை விளிம்பில் தொங்குவனபோல் நிற்கும் பழைய வீடுகளில், மணிலாவில் பிறந்த ஓவியர் பெர்னாண்டோ சோபெல் 1966இல் அருவ ஓவியங்களுக்கான அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். அருவ ஓவியம் என்பது காணும் பொருளைச் சித்திரிக்காது, நிறம், கோடு, பரப்பு ஆகியவற்றாலேயே பொருளுணர்த்தும் நவீன ஓவியமாகும்.

மாவட்டச் செயலகத்துக்கெனத் திராய்மடுவில் புதிய கட்டடம் எழுந்துவிட்ட நிலையில், கோட்டையின் அறைகளைப் பழம்பொருட்களுக்கு மட்டுமே உரியனவாகக் கருதுவது போதாது. கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் காண்பியக் கலை பயிலும் இளைஞரின் ஆக்கங்களுக்கு அவற்றுள் சிலவற்றையேனும் நிலையான காட்சிக்கூடமாக ஒதுக்குதல் வேண்டும்.