ஹைமே இவான் கவியேதெஸ்

ஹைமே இவான் கவியேதெஸ் (பிறப்பு: 24 அக்டோபர் 1977) ஈக்வடார் நாட்டின் முன்னாள் கால்பந்து வீரர். முன்களத்தில் ஆடியவர். ரசிகர்கள் அவரை ‘நைன்’ என்று ஆங்கில எண்ணாலேயே அழைத்தார்கள். ஸ்பானிய மொழி பேசும் நாட்டில் இது சற்று வேடிக்கையான பட்டப்பெயர்தான். இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், மெக்சிகோ, இங்கிலாந்து, அர்ஜென்டினா என ஆறு வெளிநாடுகளில் ஆடியிருக்கிறார். அவற்றில் எந்தக் கிளப்பிலும் அவர் நிலைத்து நிற்கவில்லை. ஆனாலும் ஈக்வடார் கால்பந்தின் கதையை அவர் பெயரைச் சொல்லாமல் சொல்லிவிட முடியாது. அதற்குக் காரணம் நாட்டின் மஞ்சள் சட்டையில் அவர் அடித்த இரண்டு கோல்கள்.

அவர் பிறந்த ஊர் சாந்தோ தொமிங்கோ. ஆண்டிஸ் மலையின் மேற்கு அடிவாரத்தில், கீட்டோவிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் சாலையில் இருக்கிறது. சிவப்புச் சாயமேற்றிய தலைமுடிக்குப் பேர்போன சாச்சிலா பழங்குடியினரின் நிலம் அது.

கவியேதெஸ் பெயரெடுத்தது துறைமுக நகரமான குவாயாகிலின் எமெலெக் கிளப்பில். மின்சார நிறுவனம் ஒன்றின் பணியாளர்களுக்காக 1929-இல் தொடங்கப்பட்ட கிளப் இது. நிறுவனப் பெயரின் சுருக்கமே கிளப்பின் பெயராயிற்று. 1998 லீக் பருவத்தில் அங்கே அவர் 43 கோல்கள் அடித்தார். உலகின் முதல்நிலை லீக்குகள் எல்லாவற்றிலும் அந்த ஆண்டு அதிக கோல் அடித்தவர் அவரே என்று சர்வதேசக் கால்பந்து வரலாறு, புள்ளியியல் கூட்டமைப்பு அறிவித்தது. அப்போது அவருக்கு வயது 21. பட்டம் மட்டும் எமெலெக்குக்குக் கிடைக்கவில்லை. இறுதியில் கீட்டோவின் எல்.டி.யு. அணி தட்டிச்சென்றது.

அந்த 43 என்ற எண்ணே அவருக்கு விமானச் சீட்டு வாங்கித்தந்தது. பிறகு பல ஆண்டுகள் அவர் தலையில் ஏறி உட்கார்ந்த பாரமும் அதுதான். முதலில் இத்தாலியின் பெருஜியா. ஜப்பானின் ஹிதெதோஷி நகாதா அப்போது அங்கே ஆடிக்கொண்டிருந்தார். பிறகு ஸ்பெயினின் செல்தா வீகோ, வல்லதோலித், மெக்சிகோவின் புவேப்லா, போர்ச்சுகலின் போர்த்தோ. ஒரு கிளப்பில் ஆட்டமுறை பிடிபடும் முன்பே அடுத்த கிளப்புக்குப் பெட்டி கட்ட வேண்டியிருந்தது. ஈக்வடார் லீக்கில் கிடைத்த இடைவெளி இத்தாலியத் தடுப்பாட்டக்காரர்களிடம் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் ஒரே இடத்தில் இரண்டு மூன்று பருவங்கள் பொறுத்திருக்க வாய்த்திருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கலாம்.

அவர் புறப்பட்ட காலத்தில் நாடே புறப்பட்டுக்கொண்டிருந்தது. 1999-இல் வங்கிகள் சரிந்தன. 2000-இல் சொந்த நாணயமான சுக்ரேயைக் கைவிட்டு அமெரிக்க டாலரை ஏற்றது அரசு. லட்சக்கணக்கானோர் பிழைப்புத் தேடி ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் போனார்கள். 2002 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று நடந்தது இந்தச் சூழலில்தான். கொலம்பியரான பயிற்சியாளர் எர்னான் தாரியோ கோமஸ் 2001 மே மாதம் குவாயாகிலில் காலில் சுடப்பட்டார்; விலகிப்போனவர் பின்னர் திரும்பி வந்து அணியை நடத்தினார்.

2001 நவம்பர் 7. கீட்டோவின் அத்தாவால்பா மைதானம், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரம். உருகுவேயிடம் தோற்காமல் இருந்தால் ஈக்வடாருக்கு முதல் உலகக் கோப்பை. இடைவேளைக்குச் சற்று முன் நிக்கோலாஸ் ஒலிவேரா பெனால்டியில் உருகுவேக்கு முன்னிலை தந்தார். 72-ஆவது நிமிடத்தில், அணியின் மூத்தவரான அலெக்ஸ் அகினாகா பந்தைத் தூக்கிப்போட, கவியேதெஸ் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார். ஆட்டம் 1-1. தகுதிச் சுற்று நெடுக 9 கோல்கள் அடித்து அணியைச் சுமந்தவர் அகுஸ்தின் தெல்காதோ. ஆனால் கதவைத் திறந்த கோல் கவியேதெஸுடையது. தென் அமெரிக்கப் பட்டியலில் அர்ஜென்டினாவுக்கு அடுத்த இடம் ஈக்வடாருக்கு. பிரேசில் ஒரு புள்ளி பின்தங்கி மூன்றாவதாக நின்றது. 2002 உலகக் கோப்பையில் இத்தாலி, மெக்சிகோ அணிகளிடம் தோற்று, குரோவேஷியாவை 1-0 என வென்று ஊர் திரும்பினார்கள். கவியேதெஸுக்குக் கோல் அமையவில்லை.

இடையில் உள்நாட்டுக்கும் திரும்பி வந்தார். எமெலெக்கின் பரம வைரியான குவாயாகில் பார்சிலோனாவுக்கும் ஆடினார். 2004-இல் பிரீமியர் லீக்குக்கு அப்போதுதான் ஏறியிருந்த லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் அவரை எடுத்தது. அங்கே கோல் அடிக்கும் வேலையை ஆண்டி ஜான்சன் கவனித்துக்கொண்டார். கவியேதெஸ் பெரும்பாலும் பெஞ்சில் இருந்துவிட்டு, லீக்கில் ஒரு கோலும் இல்லாமல் கிளம்பினார். அடுத்த நிறுத்தம் புவெனஸ் ஐரெஸின் அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ்.

2006 உலகக் கோப்பை ஜெர்மனியில் நடந்தது. போலந்துடனான முதல் ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கிய அவர் கோல்முகத்துக்கு முன்னே தள்ளிக்கொடுத்த பந்தைத் தெல்காதோ அடித்து 2-0 ஆக்கினார். ஜூன் 15 அன்று ஹாம்பர்க்கில் கோஸ்டாரிகாவுக்கு எதிரே மறுபடியும் மாற்று வீரர். 90 நிமிடங்கள் முடிந்து நடுவர் கூட்டிக்கொடுத்த நேரத்தில் மூன்றாவது கோலை அடித்தார். அடித்தவுடன் ஷார்ட்ஸுக்குள்ளிருந்து மஞ்சள் நிற ஸ்பைடர்மேன் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டார். தொலைக்காட்சியில் பார்த்த பலர் இதை வெறும் குறும்பு என்றே நினைத்திருப்பார்கள். எமெலெக்கில் ஆடிய ஒத்திலினோ தெனோரியோ கோல் அடித்தால் அப்படி முகமூடி அணிவது வழக்கம். அவர் 2005 மே மாதம், 25 வயதில், கார் விபத்தில் இறந்துபோனார். முகமூடி அவருக்கானது. அந்த 3-0 வெற்றி ஈக்வடாரை முதன்முறையாக இரண்டாம் சுற்றுக்கு அனுப்பியது.

அந்தச் சுற்றில் எதிரணி இங்கிலாந்து. ஷ்டுட்கார்ட்டில் 60-ஆவது நிமிடம் டேவிட் பெக்காமின் ஃப்ரீகிக் உள்ளே போயிற்று. 72-ஆவது நிமிடத்தில் கார்லோஸ் தெனோரியோவுக்குப் பதிலாகக் கவியேதெஸ் இறக்கப்பட்டார். 2001-இல் அவர் கோல் அடித்ததும் அதே 72-ஆவது நிமிடம்தான் என்பதை ஈக்வடார் ரசிகர் யாராவது நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். இம்முறை எதுவும் நடக்கவில்லை; 0-1.

அதன் பிறகு எல்.டி.யு., எல் நாசியோனல் உள்ளிட்ட உள்நாட்டுக் கிளப்புகளில் ஆடி ஓய்ந்தார். எமெலெக்கிலிருந்து அடுத்துப் புறப்பட்ட பெரிய பயணி என்னர் வலென்சியா. மெக்சிகோ, இங்கிலாந்து, துருக்கி, பிரேசில் என்று அவரும் சுற்றினார். 2014 உலகக் கோப்பையில் ஈக்வடார் அடித்த மூன்று கோல்களும் அவருடையவை.