மர அம்பின் உறுப்புப் பெயர்களும் பொருள் மாற்றமும்

ரோஜர் ஆஸ்கம் வில்வித்தை குறித்து ஆங்கிலத்தில் இயற்றிய 'டாக்சொஃபிலஸ்' 1545இல் வெளிவந்தது. இருவர் உரையாடலாக அமைந்த அந்நூல், மர அம்பு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை விரித்துரைக்கிறது. வீட்டிலேயே மர அம்பு செய்துகொள்ளும் இக்கால வில்லாளரும் அதனை மேற்கோள் காட்டுவதுண்டு. ஆயினும் அவர்களின் இன்றைய வழக்கைக் கொண்டு ஆஸ்கமைப் படித்தால் பொருள் பிறழும்.

'ஷாஃப்ட்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இன்று இது இறகும் முனையும் பொருத்தப்பெறாத வெறுங்கோலைக் குறிக்கும். ஆஸ்கமுக்கோ அது முழு அம்பு; தண்டு, இறகு, முனை ஆகிய மூன்றும் அதன் உறுப்புகள். தண்டினை அவர் 'ஸ்டீல்' என்பார். (எஃகைக் குறிக்கும் சொல் வேறு, இது காம்பு என்னும் பொருளுடைய பழஞ்சொல்.) தமிழில் 'கோல்' கழியையும் அம்பையும் ஒருங்கே குறிக்கும். கவிதைக்கு அது நயம். தொழில்நூல் மொழிபெயர்ப்பில் மயக்கமே தரும். முழுமைக்கு அம்பு, உறுப்புக்குத் தண்டு என வரையறுத்துக்கொள்வதே தக்கது.

'ஃபிளெட்சர்' என்பதும் இத்தகையதே. இறகு பொருத்துவதை இன்று 'ஃபிளெட்சிங்' என்பதால், அவரை இறகு ஒட்டுபவர் எனக் கொள்ளத் தோன்றும். ஆனால் அம்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லடியாகப் பிறந்த இப்பெயர், அம்பு செய்வோரையே சுட்டியது. லண்டனில் 1371இல் வில் செய்வோரிடமிருந்து தனித்தொழிலினராகப் பிரிந்தவர்கள் இவர்களே.

மரப்பெயர்கள் இன்னும் இடர் மிக்கவை. ஆஸ்கம் பதினைந்து மரங்களை எண்ணுகிறார். அவற்றுள் 'ஆஷ்' என்பதைச் சாம்பல் மரம் எனப் பெயர்ப்பது நகைப்பிற்கிடமாகும். எல்லாவற்றையும் 'மரம்' எனப் பொதுமையில் அடக்குவதோ அதனினும் தீங்கு. போர் அம்புகளை இலேசான 'ஆஸ்ப்' மரத்தில் செய்யும் அக்கால வழக்கை மறுத்து, கனமான ஆஷ் மரமே வேண்டும் என அவர் வாதிடுகிறார். பெயர்களை ஒலிபெயர்த்து, எடை வேறுபாட்டை அடைமொழியால் உணர்த்தினாலன்றி இவ்வாதம் தமிழில் நில்லாது.

அது வெறும் ஏட்டுவாதமுமன்று. நூல் வெளிவந்த அதே 1545இல், ஜூலை 19ஆம் நாள், 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பல் மூழ்கியது. 1982இல் அதன் உடற்பகுதி மேலே கொணரப்பட்டது. அக்கப்பலிலிருந்து கிடைத்த ஆயிரக்கணக்கான அம்புகளுள் பெரும்பாலானவை, ஆஸ்ப் அடங்கிய பாப்லர் இன மரத்தாலானவை.